கை தேறும் விளையாட்டு



சென்ற திங்களில் ஒருநாள் மாலை அடையாற்றிலுள்ள என் மகன் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் என் பேரன் முகம் வாடி அமர்ந்திருந்தான். காரணம் வினவினேன்.

"தாத்தா, ஆறு மாதம் உழைத்து ஒரு வீடியோ விளையாட்டு செய்தேன். அடையாற்றின் முகத்துவாரத்தில் ஒரு படகு நிற்கும். கைப்பேசியை இடப்பக்கம் சாய்த்தால் படகு இடப்பக்கம் திரும்பும்; வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம் திரும்பும். மணல் திட்டில் மோதாமல் கடலுக்குக் கொண்டு போக வேண்டும். நண்பர்கள் எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். இரண்டு நாள் ஆடினார்கள். மூன்றாம் நாள் ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இறுதித் தேர்வுக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும். என்ன குறை என்றே தெரியவில்லை" என்றான்.

நான் சரித்திர ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கணிப்பொறியின் உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது. ஆயினும், ஒரு பொருள் ஏன் நிலைத்தது, மற்றொன்று ஏன் மறைந்தது என்று கேட்பதே என் தொழிலாக இருந்தது. கைப்பேசியைச் சாய்த்து ஆடுவது புதிதாக இருக்கலாம். கையையும் உடலையும் அசைத்து ஆடுவது மனித குலத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. ஆகவே அவனுக்கு நான் சொல்லக்கூடியதெல்லாம் அவ்வழக்கத்தின் வரலாறுதான். அன்று அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். 2010-ஆம் ஆண்டு வெளிநாடு சென்று திரும்பிய என் மகன், கையசைவால் ஆடும் விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கி வந்தான். பேரனுக்கு அப்போது வயது ஆறு. கையில் ஒரு சிறு கோலைப் பிடித்துக்கொண்டு டென்னிஸ் மட்டையை வீசுவதுபோல் வீசினால், தொலைக்காட்சித் திரையிலுள்ள பொம்மையும் அவ்வாறே பந்தை அடிக்கும். வீடே திருவிழாக் கோலம் பூண்டது. மயிலாப்பூரில் சித்திரக்குளத்தருகே வாழும் என் தமக்கையார் அதைப் பார்ப்பதற்கென்றே வந்தார். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க ஆடினேன்.

ஒரு வாரம் கழிந்தது. பேரன் சோபாவில் படுத்துக்கொண்டு ஆடத் தொடங்கினான். கையை வீச வேண்டுவதில்லை, மணிக்கட்டைச் சற்றே சுண்டினால் போதும் என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான். நின்றுகொண்டு முழுக் கையையும் வீசிய நான் படுத்திருந்த அவனிடம் தோற்றேன். அடுத்த வாரம் நானும் உட்கார்ந்தேன். நான்கு திங்களில் அக்கருவி பரணுக்குப் போய்விட்டது.

இதே காலத்தில், என் தமக்கையார் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு துணிப்பையில் ஐந்து கூழாங்கற்கள் இருந்தன. அவை எங்கள் பாட்டி காலத்துக் கற்கள். அவர் சிறுமியாய்த் திண்ணையில் அமர்ந்து அஞ்சாங்கல் ஆடியபோதும் அவைதாம். எழுபது வயதைக் கடந்து அண்டை வீட்டுக் குழந்தைகளோடு ஆடும் இன்றும் அவைதாம். பெருஞ்செலவில் வாங்கிய கருவி நான்கு திங்களில் சலித்தது. காசு கொடாமல் பொறுக்கிய கற்கள் மூன்று தலைமுறைக்குச் சலிக்கவில்லை. இதற்கு என்ன காரணம்?

பழமையே காரணம் என்று சிலர் விடை கூறுவர். அது விடையாகாது, அஞ்சாங்கல்லும் ஒரு காலத்தில் புதிதாக இருந்ததுதானே? அதன் பழமை மட்டும் வியப்பூட்டுவது. சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருந்தபோது ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்றுச் செய்யுள் ஒன்றில், ஆன்பொருநை ஆற்று மணலில் மகளிர் பொன்னாற் செய்த கழங்குகளைக் கொண்டு ஆடும் காட்சி வருகிறது. கழங்கு என்பது இந்த ஆட்டமேயாகும். பண்டைக் கிரேக்கப் பெண்களும் ஆட்டின் கணுக்கால் எலும்புகளை எறிந்து பிடித்து இதுபோல் ஆடினர். அவர்கள் குந்தி அமர்ந்து ஆடும் சுடுமண் பாவைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. கீழடி அகழாய்வைப் பற்றி நம் மாநிலத் தொல்லியல் துறை 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், தந்தத்தாலான தாயக்கட்டையும், பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும் இடம் பெற்றுள்ளன. அச்சில்லுகளைப் போன்றவற்றை எறிந்துதான் நம் சிறுமியர் இன்றும் கட்டங்களில் நொண்டியடிக்கின்றனர்.

இனி, அஞ்சாங்கல்லின் உள்ளமைப்பைப் பார்ப்போம். ஐந்து கற்களையும் தரையில் இறைக்க வேண்டும். ஒன்றை எடுத்து மேலே எறிந்து, அது கீழே வருமுன் தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, எறிந்த கல்லையும் அதே கையாற் பிடிக்க வேண்டும். முதற் சுற்றில் ஒவ்வொன்றாக, அடுத்த சுற்றில் இரண்டிரண்டாக, பின்னர் மூன்றும் ஒன்றுமாக, அதன்பின் நான்கையும் ஒருசேர அள்ள வேண்டும். எடுக்கும்போது மற்றக் கற்கள் அசையக் கூடாது.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனியுங்கள். ஒரு கல்லை ஓர் அடி உயரத்திற்கு எறிந்தால் அது மீண்டும் கைக்கு வர ஏறத்தாழ அரை விநாடி ஆகும். முழு விநாடி வேண்டுமாயின் நான்கு அடி உயரம் எறிய வேண்டும். காலத்தை இரு மடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது புவியீர்ப்பின் விதி. உயர எறிந்தால் காலம் கிடைக்கும். ஆனால் கல் எங்கே விழும் என்பது உறுதியில்லை. தாழ எறிந்தால் பிடிப்பது எளிது. ஆனால் அள்ளுவதற்குக் காலமில்லை. பௌதிக நூலைத் திறந்தறியாத என் பாட்டியின் கை இந்த விதியை முற்றும் அறிந்திருந்தது. இறைப்பதிலும் இதே இக்கட்டு உண்டு. கற்களை அகல இறைத்தால் முதற் சுற்று எளிது, நான்கையும் அள்ளும் சுற்று அரிது. நெருங்க இறைத்தால் அள்ளுவது எளிது. ஒன்றை எடுக்கையில் மற்றொன்று அசைந்துவிடும்.

ஆக, கை செய்யும் ஒவ்வொரு சிறு வேறுபாட்டுக்கும் இந்த ஆட்டம் ஒரு விடை சொல்கிறது. ஒரு விரற்கடை உயர எறிந்தால் ஒரு விளைவு. தாழ எறிந்தால் வேறொரு விளைவு. நேற்றுத் தவறியது ஏன் என்பது இன்று கைக்குப் புரிகிறது. நாளை இன்னும் சற்றுத் தேறலாம் என்னும் நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கை உள்ளவரை ஆட்டம் சலிப்பதில்லை. நிலைத்த ஆட்டத்தின் அடையாளம் இதுவே என்று கருதுகிறேன். இக்கருத்து சரிதானா என்பதை, முற்றிலும் வேறான ஓர் உலகத்தில், அதாவது மின்னணு விளையாட்டுகளின் வரலாற்றில் வைத்துச் சோதிப்போம்.

1958-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் நெருங்கியது. ஆய்வுக்கூடக் காட்சிகள் மக்களுக்குச் சுவையூட்டா என்று உணர்ந்த அறிஞர் ஒருவர், மின்னலைகளைக் காட்டும் ஐந்தங்குலத் திரை ஒன்றில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். அவர் பெயர் வில்லியம் ஹிகின்பாதம். நம் மவுண்ட் ரோட்டுப் புத்தகக் கடையை நினைவூட்டும் பெயர். திரையில் தரையைக் குறிக்க ஒரு கோடு, வலையைக் குறிக்க ஒரு கோடு, பந்தாக ஓர் ஒளிப்புள்ளி, அவ்வளவே. ஆடுவோர் இருவர் கையிலும் ஒரு பெட்டி. அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் பந்து அடிபடும். குமிழைத் திருகினால் பந்து செல்லும் கோணம் மாறும். மக்கள் அதன்முன் நெடுவரிசையில் நின்றனர். மறு ஆண்டு திரை பெரிதாயிற்று. சந்திரனிலும் வியாழனிலும் உள்ள ஈர்ப்பில் பந்து எப்படிப் பறக்கும் என்றும் ஆடிப் பார்க்கச் செய்தனர். அந்தக் குமிழைக் கவனியுங்கள். அது ஒரு மயிரிழை திரும்பினால் பந்தின் பாதையும் ஒரு மயிரிழை திரும்பும்.

1972-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் அடாரி என்னும் நிறுவனம் 'பாங்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இரண்டு சிறு கோடுகள் மட்டைகள். ஒரு சதுரப் புள்ளி பந்து. இதை அமைத்த ஆலன் அல்கார்ன் என்னும் பொறியாளர், மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். நடுவிற் பட்ட பந்து நேரே திரும்பும். ஓரத்திற் பட்டால் சாய்ந்து பாயும். தொடர்ந்து அடித்துக்கொண்டே சென்றால் பந்தின் வேகமும் கூடும். மட்டை முழுதும் ஒரே வகையில் பந்தைத் திருப்பியிருந்தால், தடுப்பது ஒன்றே ஆட்டமாக இருந்திருக்கும். எட்டுப் பகுதிகள் அமைந்தமையால், எந்த இடத்தில் வாங்குவது என்னும் நுட்பம் பிறந்தது. வீடியோ விளையாட்டை ஒரு பெருந்தொழிலாக்கிய முதல் வெற்றி இவ்வாட்டமே.

இனிக் கையசைவுக் கருவிகளுக்கு வருவோம். ஜப்பானில் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கியது நின்டெண்டோ. அந்நிறுவனம் 2006-ஆம் ஆண்டின் இறுதியில் 'வீ' என்னும் கருவியை வெளியிட்டது. அதன் கைக்கோலினுள் முடுக்கத்தை உணரும் சிறு உறுப்பு ஒன்று இருந்தது. பொத்தான்களைக் கண்டு அஞ்சிய தாத்தாக்களும் பாட்டிகளும்கூட அதை எடுத்து ஆடினர். ஆடியவர்கள் வீசிய வேகத்தில் கோல் கைநழுவிப் பறந்ததுண்டு; ஆகவே வெளியான சில வாரங்களிலேயே, சுமார் 32 லட்சம் கைப்பட்டைகளை வலுவானவையாக மாற்றித் தர அந்நிறுவனம் முன்வந்தது. உலகெங்கும் 10 கோடிக்கு மேற்பட்ட 'வீ' கருவிகள் விற்றன. இத்தகைய வெற்றியை எளிதாக எண்ணிவிடலாகாது.

ஆனால் அதனோடு வந்த விளையாட்டுகளுள் எல்லாம் ஒரே வகையின அல்ல. டென்னிஸில் பொம்மை தானே ஓடிப் பந்திருக்கும் இடத்தை அடையும்; ஆடுபவர் வீசும் நேரமே முக்கியம்; மணிக்கட்டின் சிறு சுண்டலும் முழு வீச்சைப் போலவே பயன் தரும். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட்டத்திலோ, கையை விடும்போது மணிக்கட்டு சற்றுத் திரும்பினால் பந்து சுழன்று வளைந்து செல்லும். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் போட்டிகளாக நடந்தது இந்தப் பௌலிங் ஆட்டம்தான். கையின் நுட்பத்திற்கு அது விடை கூறியது.

2010-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'கைனெக்ட்' என்னும் கருவியைக் கொணர்ந்தது. அதில் கைக்கோலே இல்லை. தூரத்தை உணரும் காமிரா ஒன்று ஆடுபவரின் உடல் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் 60 நாளில் 80 லட்சம் கருவிகள் விற்றன. எனினும் உடல் அசைந்த பின் திரை அசையச் சற்றுத் தாமதம் இருந்தது. பத்தில் ஒரு விநாடி தாமதம் பெரிதா என்று நீங்கள் கேட்கலாம். ஓர் அடி உயரம் எறிந்த கல் அரை விநாடியில் திரும்புகிறது என்றேன். அந்த அரை விநாடியில் ஐந்திலொரு பங்கை இழந்தவன் எந்தக் கல்லையும் பிடிக்க இயலாது. மேலும், வெறுங்கையில் கனமில்லை. கல் உள்ளங்கையில் விழும்போது பிடித்தோம் என்று கை அறிகிறது. காற்றைப் பிடித்த கை எதையும் அறிவதில்லை. 2017-ஆம் ஆண்டு கைனெக்ட் உற்பத்தி நிறுத்தப்பட்டது. நின்டெண்டோ 2012-இல் வெளியிட்ட 'வீ யூ'வும் முன்னதன் புகழை எட்டவில்லை. அது ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சமே விற்றது. அத்தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் கையசைவு என்னும் புதுமைக்காக மட்டும் கூட்டம் கூடிய காலம் முடிந்துவிட்டது என்பது தெளிவு.

அப்படியானால் கையசைவே வீண் முயற்சியா? அன்று. 2018-இல் செக் நாட்டிலிருந்து வெளிவந்த 'பீட் சேபர்' என்னும் ஆட்டத்தைப் பாருங்கள். இசையின் தாளத்திற்கேற்பப் பறந்து வரும் கட்டைகளை இரு கைகளிலும் ஒளிவாள் ஏந்தி வெட்ட வேண்டும். ஒரு வெட்டுக்கு நிறைந்த மதிப்பெண் 115. வெட்டுமுன் வாள் எத்தனை பாகை சுழன்றது, வெட்டியபின் எத்தனை பாகை சென்றது, கட்டையின் நடுவுக்கு எவ்வளவு அருகில் வெட்டியது என்று மூன்றையும் அளந்து மதிப்பெண் தருவர். மணிக்கட்டைச் சுண்டுபவனுக்கு நிறைந்த மதிப்பெண் கிட்டாது. தாளத்தோடு கையை இணைத்ததும் நமக்குப் புதிதன்று. பந்தை எறிந்து பிடித்தபடியே பாடிய அம்மானை, சிலப்பதிகாரத்திலும் திருவாசகத்திலும் பாட்டு வடிவமாகவே நிலைத்துவிட்டது அல்லவா?

நேயர்களே, இதைக் கேட்டு, நம்முடைய பழைய ஆட்டங்கள் எல்லாம் உயர்ந்தவை, இயந்திரங்கள் எல்லாம் தாழ்ந்தவை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. கிட்டிப்புள்ளும் பம்பரமும் கோலியும் கையின் நுட்பத்தில் எந்த ஆட்டத்திற்கும் குறைந்தவை அல்ல. ஆயினும் நான் சிறுவனாய் அவற்றை ஆடிய மயிலாப்பூர்த் தெருக்களில் இன்று அவற்றைக் காண்பது அரிது. கார்கள் நிற்கும் தெருவில் கிட்டிப்புள் எங்கே பறக்கும்? திண்ணையை இடித்து மோட்டார் நிறுத்த இடம் செய்த வீட்டில் அஞ்சாங்கல்லை எங்கே இறைப்பது? ஆட்டம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. ஆடுவதற்கு இடமும், கூட ஆடுவதற்கு ஆளும் வேண்டும். 2002-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய 'கிரீடா' நிறுவனம், பல்லாங்குழி, தாயம் போன்ற ஆட்டங்களைப் பெட்டியில் அடக்கிக் கடைகளுக்குக் கொண்டு வந்ததற்கு இத்தேவையும் ஒரு காரணமாகும்.

இடமும் ஆளும் கிடைத்த ஆட்டம் எப்படி வளரும் என்பதற்குக் கேரம் சான்று. ஒரு பலகை, ஒரு தெருமுனை, நான்கு இளைஞர், இவை போதும். சென்னையின் மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியனாகி, 1996-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது பெற்றார். 2024-இல் வடசென்னையின் காசிமா, அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் ஒரு விரலின் அசைவுதான் அவ்வளவும். விரல் அசையும் தூரம் ஓர் அங்குலம். அதிலுள்ள வேறுபாடுகளுக்கு முடிவில்லை.

தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் 2019-ஆம் ஆண்டு அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. அங்கே ஒருநாள், துணிக்கடை வாசலில் தாய்க்காகக் காத்திருந்த ஒரு சிறுமியைக் கண்டேன். தரையிற் பதித்த கற்களைக் கட்டங்களாகக் கொண்டு, கோட்டை மிதியாமல் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருந்தாள். சில்லும் இல்லை, தோழியும் இல்லை. சற்று அகலமான இடம் கிடைத்தவுடன் கீழடியின் ஆட்டம் தானே அவள் காலில் வந்து நின்றது.

இவ்வளவையும் கேட்டிருந்த என் பேரன், சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "தாத்தா, என் ஆட்டத்தில் கைப்பேசியைச் சிறிது சாய்த்தாலும் மிகுதியாகச் சாய்த்தாலும் படகு ஒரே அளவுதான் திரும்பும். பிழை வராமல் இருப்பதற்காக நான்தான் அப்படி எழுதினேன்" என்றான்.

"அப்படியானால் உன் நண்பர்கள் இரண்டாம் நாளே கற்க வேண்டியதெல்லாம் கற்றுவிட்டார்கள், கண்ணா. மூன்றாம் நாள் வருவானேன்?" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் மயிலாப்பூர் சென்று தன் அத்தைப் பாட்டியின் முன் தரையில் அமர்ந்தான். இரண்டாம் சுற்றைத் தாண்ட அவனால் முடியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "உயரத்தைப் பார்க்காதேடா, கல்லைப் பார்" என்று சொல்லிக்கொடுத்தார். மாலை விளக்கேற்றும் வரை ஆடிவிட்டு, கற்களைக் கடன் கேட்டு வாங்கி வந்தான். இப்போது படகின் சாய்வை அளவுக்கேற்ப மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறான். மெல்லச் சாய்த்தால் அலையை ஒட்டிச் செல்லும், வெடுக்கென்று சாய்த்தால் கவிழும். தேர்வில் என்ன மதிப்பெண் பெறுவான் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் புதிய படகை நானும் ஓட்டிப் பார்த்தேன். ஏழு முறை கவிழ்த்தேன். எட்டாம் முறை மணல் திட்டைத் தாண்டினேன். மறுநாள் காலை, அவன் எழுமுன் கைப்பேசியை எடுத்து மீண்டும் ஒருமுறை ஓட்டினேன்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை இத்தகைய ஆட்டங்களைப் படைக்கப் போகிறீர்கள். படைக்குமுன் ஐந்து கற்களை எடுத்து ஒருநாள் ஆடிப் பாருங்கள். ஆடுபவனின் கை நேற்றைவிட இன்று தேறியிருக்கிறதா என்று கேளுங்கள். தேறியிருந்தால் அவன் நாளையும் வருவான்.